எங்கள் ஊரில் எத்தனை பேர்?

சிற்றூர் ஒன்றைப் பற்றி யார் எழுதினாலும், எந்த நாட்டில் எழுதினாலும், ஏறக்குறைய ஒரே அச்சில்தான் அது அமைகிறது. ஊரின் பெயர், பழைய பெயர், பக்கத்து நகரத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், ஒரு பழைய கோயில், கடைசியில் மக்கள் தொகை. கிரேக்க நாட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றிப் படித்தாலும் இதே வரிசைதான். அங்கே பல ஊர்களுக்கு இரண்டு பெயர்கள் இருக்கும். 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொண்டபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாக வந்து கிரேக்கத்தில் குடியேறினார்கள். துருக்கியப் பெயரும் ஸ்லாவியப் பெயரும் கொண்டிருந்த ஊர்கள் கிரேக்கப் பெயர் பெற்றன. அதற்குக் கீழே பத்தாண்டுக்கு ஒரு எண் என்று மக்கள் தொகைப் பட்டியல். பல மலைக்கிராமங்களில் அந்த எண் இறங்கிக்கொண்டே வரும். இளைஞர்கள் ஏதென்சுக்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள் என்று அதற்குப் பொருள்.

வானூர் பகுதிக் கடலோரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘எங்கள் ஊர்’ என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் அவர்களும் இதே அச்சில்தான் எழுதுகிறார்கள். அம்மன் கோயில், திருவிழா, அரசுப் பள்ளி எல்லாவற்றையும் தாங்களே எழுதுகிறார்கள். மக்கள் தொகையை மட்டும் அப்பாவின் கைபேசியில் தேடிக் கொண்டுவருகிறார்கள். அதைவிட நேரடியாகப் பார்க்கட்டும் என்று 2011 கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலில் எங்கள் பகுதிக்குரிய பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து வரும் மாணவி எழுந்து கேட்டாள்: “டீச்சர், எங்க குப்பத்தோட பேரே இதுல இல்ல. அப்ப நாங்க எந்தக் கணக்குல இருக்கோம்?”

இந்தக் கேள்வி அவளுக்கு மட்டும் உரியதல்ல. நம் பள்ளிகளில் பல பிள்ளைகளின் ஊர் அந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எளிது. கணக்கெடுப்புத் துறைக்குக் கிராமம் என்றால் வருவாய்க் கிராமம். நில அளவை எல்லை உள்ளது, தனிப் பதிவேடுகள் உள்ளது, கிராம நிர்வாக அலுவலரின் பொறுப்பில் வருவது. அந்த எல்லைக்குள் ஒரு பெரிய ஊர், இரண்டு காலனிகள், கடலோரக் குப்பம், உப்பளத்து ஓரத்துக் குடிசைகள் எல்லாம் இருக்கலாம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே எண்தான். ஊராட்சி என்பது வேறொரு எல்லை. ஓர் ஊராட்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட வருவாய்க் கிராமங்கள் இருப்பதுண்டு. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 16,000 வருவாய்க் கிராமங்கள் 2011 பட்டியலில் இருக்கின்றன. அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றில் ஒரு குடியிருப்பும் கிடையாது. நிலம் மட்டும் இருக்கிறது, எண்ணுமிடத்தில் சுழியம். ஆளில்லாத நிலத்துக்கு ஒரு வரி இருக்கிறது, ஆள் நிறைந்த குப்பத்துக்கு ஒரு வரி இல்லை! பிள்ளைகளுக்கு இது அநியாயமாகத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் நிலவரிக்காக வரைந்த எல்லைக்குள் மனிதர்களை எண்ணத் தொடங்கியதால் வந்த வழக்கம் இது என்று விளங்கிய பிறகு, அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதும் விளங்கிவிடுகிறது.

கிரேக்கர் எழுதிய எங்கள் கரை

எங்கள் கரையின் வரலாற்றைத் தொடங்குவதற்குக் கிரேக்க மொழியே உதவுகிறது என்பது ஒரு வேடிக்கை. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எகிப்திலிருந்த வணிகர் ஒருவர் செங்கடலிலிருந்து இந்தியாவரை உள்ள துறைமுகங்களைப் பற்றிக் கிரேக்கத்தில் ஒரு கையேடு எழுதினார். ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்’ என்பது அதன் பெயர். எழுதியவர் பெயர் தெரியாது. அதில் சோழநாட்டுக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைமுகங்கள் வரிசையாக வருகின்றன. பொதுகே என்பது புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். சோபட்மா மரக்காணமே என்று கருதுவோர் பலர். கரையை ஒட்டி ஓடிய உள்ளூர்ப் படகுகள், பெரிய மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்காரா’, கங்கைக்கும் கிழக்குத் தீவுகளுக்கும் போன பெருங்கலங்கள் என்று மூவகைக் கலங்களை அந்த வணிகர் சொல்கிறார். படகு கட்டும் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் இந்த இடத்தில் அவர்களைப் பேச விடுங்கள். கட்டுமரத்துக்கும் சங்காராவுக்கும் உள்ள உறவைப் பாடநூலைவிட அவர்கள் நன்றாக விளக்குவார்கள்.

தமிழில் நமக்கு இருப்பது சிறுபாணாற்றுப்படை. நத்தத்தனார் பாடியது, 269 அடிகள். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். ஓய்மானாடு என்பது திண்டிவனத்தைச் சுற்றிய பகுதி. அவனுடைய கிடங்கில் இன்றும் திண்டிவனத்தை ஒட்டிக் கிடங்கல் என்ற பெயரில் இருக்கிறது. பாணன் அந்த அரசனைத் தேடிப் போகும் வழியில் வரும் கடற்கரைப் பட்டினம் எயிற்பட்டினம். அதை மரக்காணத்தோடு பொருத்திப் பார்ப்பதே வழக்கம். இதே பாட்டில், கொற்கையைப் பாடுமிடத்தில், உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகப் போகும் உமணர் வருகிறார்கள். அவர்கள் வளர்க்கும் மந்தி அவர்களுடைய பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறது. குடும்பமும் குழந்தையும் வளர்ப்புக் குரங்குமாக வண்டிக்குப் பின்னால் நகரும் கூட்டம். பிழைப்புக்காகக் குடும்பத்தோடு இடம் மாறுவது எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையில் பின்னால் இது தேவைப்படும்.

அடுத்தது சோழர் காலம். மரக்காணம் பூமீசுவரர் கோயில் கல்வெட்டுகளில் உப்பளங்கள் பேசப்படுகின்றன. அளம் என்றால் உப்பு விளையும் நிலம், பேரளம் என்றால் பெரிய அளம். உழவு நிலத்தைப்போல உப்பு நிலத்துக்கும் பெயரும் அளவும் வரியும் இருந்தன. ‘உப்பளம்’ என்று நாம் இன்று சொல்லும் சொல்லின் பாதி அந்தக் கல்லில் இருக்கிறது. பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துச் செல்ல முடிந்தால் கல்வெட்டு முழுவதையும் படிக்க வைக்க வேண்டாம். ஒரே ஒரு எழுத்தை அடையாளம் கண்டால்கூடப் போதும், அன்றைக்கு அவர்களைக் கையில் பிடிக்க முடியாது.

உப்பு இழுத்த எல்லைக்கோடு

எங்கள் பகுதியை அறியாத ஆசிரியர்களுக்காகக் கொஞ்சம் நில அமைப்பு. வானூர் உள்நாட்டில் இருக்கிறது. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கிறது கழுவெளி என்னும் உவர்நீர் ஈரநிலம். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்பார்கள். 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அது கடலோடு கலக்கும் பக்கத்தில் உப்பளங்கள். கடலோரமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதை ஒட்டிக் குப்பங்களும். தெற்கே புதுச்சேரி; சாலையில் போனால் எது தமிழ்நாடு, எது புதுச்சேரி என்று பெயர்ப்பலகையைப் பார்த்தால்தான் தெரியும். வானூர் வட்டத்துக்குள்ளேயே ஆரோவில்லும் இருக்கிறது.

தென்னார்க்காடு 1801-இல் கம்பெனியின் கைக்கு வந்தது. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகம் ஆயிற்று: விளைவிப்பவர் கம்பெனிக்குத்தான் தர வேண்டும், மக்கள் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும். பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் பகுதியில் உப்பு தாராளமாக விளைந்தால் இந்த ஏற்பாடு நிற்காது அல்லவா? 1815 மார்ச்சில் இரு அரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரெஞ்சுப் பகுதி உப்பில் உள்ளூர்த் தேவை போக மீதியை ஆங்கிலேயரே வாங்கிக்கொள்வதென்றும், உடன்படிக்கையின் ஏற்பாடுகளுக்காகப் பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 இலட்சம் சிக்கா ரூபாய் தருவதென்றும் முடிவாயிற்று. அதுவும் போதவில்லை. 1818-இல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உப்பு விளைவிப்பதையே நிறுத்தி, அளம் வைத்திருந்தவர்களுக்கு ஆண்டுக்கு 4,000 வராகன் நட்டஈடு என்று தீர்த்தார்கள்.

இதில் நான் வகுப்பில் நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. நட்டஈடு அளத்தின் உடைமையாளருக்கு. பாத்தியில் நின்று உப்பு வாரிய கூலியாள் என்ன ஆனார்? அவர் தொழிலைத் தேடி எல்லை தாண்டியிருக்கலாம், வேறு வேலைக்குப் போயிருக்கலாம். உடன்படிக்கைத் தாளில் அவருக்கு ஒரு வரியும் இல்லை. குப்பத்துப் பெண் கேட்ட கேள்வியின் முன்னோடி இது.

எண்ணத் தொடங்கிய கதை

சென்னை மாகாணத்தில் 1851-52 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தலைக்கணக்கு எடுக்கப்பட்டது. எண்ணியவர்கள் கிராமக் கர்ணங்கள். முறையான முதல் கணக்கெடுப்பு 1871 நவம்பர் 15-ஆம் நாள். அதன் அறிக்கையை எழுதியவர் கார்னிஷ் என்ற மருத்துவர். நாடு முழுவதும் ஒரே நாளை வைத்து எண்ணியது 1881 பிப்ரவரி 17-இல். இந்த இரண்டு எண்ணிக்கைகளுக்கும் நடுவில் வந்ததுதான் 1876 முதல் 1878 வரையிலான தாது வருசப் பஞ்சம். சென்னை மாகாணத்தின் மக்கள் தொகை 1871-ஐவிட 1881-இல் குறைந்திருந்தது. பத்தாண்டு வளர்ச்சி போக இறங்கியிருக்கிறது என்றால் இறந்தவர்கள் எத்தனை பேர், பர்மாவுக்கும் இலங்கைக்கும் மொரீசியசுக்கும் கப்பலேறியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்தியா முழுவதுக்குமே எண் சற்று இறங்கியது. 1918-இன் விஷக்காய்ச்சல் முதன்மைக் காரணம். மக்கள் தொகை வரைபடத்தில் கோடு கீழே வளையும் இடங்களைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் வழக்கம். ஏறும் கோட்டுக்குப் பிள்ளைகள் தாமே காரணம் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை, எல்லை மாற்றம் பற்றியது. தென்னார்க்காடு 1993 செப்டம்பர் 30-இல் பிரிந்து விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் ஆயின. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. 2011-இல் விழுப்புரம் மாவட்டத்துக்கு 34 இலட்சத்து 58 ஆயிரம் என்று இணையத்தில் வருவது கள்ளக்குறிச்சியையும் சேர்த்த எண். இன்றைய வரைபடத்துக்குப் பக்கத்தில் அதை எழுதி வைத்தால் இரண்டும் பொருந்தாது. போட்டித் தேர்வுக் கையேடுகள் சில இதைக் கவனிப்பதே இல்லை.

ஒரு சிற்றூரை எண்ணோடு மட்டும் நிறுத்தாமல் எழுதிய முன்மாதிரி எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுத்தார். கிராமங்களுக்குப் போய், யாருக்கு எவ்வளவு நிலம், யார் என்ன வேலை, என்ன கூலி, யார் வெளியூர் போயிருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதி வர வேண்டும். அவை தொகுக்கப்பட்டு 1918-இல் நூலாக வந்தன. அந்த ஊர்களில் ஒன்று இருவேல்பட்டு. அன்றைய தென்னார்க்காடு, இன்றைய விழுப்புரம் மாவட்டம். தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகியவை மற்ற ஊர்களில் சில. இருவேல்பட்டின் சிறப்பு என்னவென்றால் அதை விட்டுவிடவில்லை. 1930-களில் மறுபடி போனார்கள், 1961-இல் போனார்கள், 1981-இல் குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள், 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் போனார்கள். பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர், பண்ணை வேலையை மட்டும் நம்பாமல் வெளிவேலைக்கும் போகும் ஊராக மெல்ல மாறியது எப்படி என்பது தொண்ணூறு ஆண்டுக் கதையாக நமக்குக் கிடைத்திருக்கிறது. மக்கள் தொகை எண் மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதையில் ஒரு வரிகூடத் தெரிந்திருக்காது. தொடங்கி வைத்தவர்கள் மாணவர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் நான் இரண்டு முறை சொல்வேன்.

பிப்ரவரியில் யார் ஊரில் இருக்கிறார்கள்?

இப்போது நம் வேலைக்கு வருவோம். அடுத்த கணக்கெடுப்புக்குரிய நேரம் 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. மக்களை எண்ணும் கட்டம் அதற்கு முந்திய பிப்ரவரியில். முந்திய கணக்கெடுப்புகளைப் போலவே இதிலும் வீடு வீடாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் நாமாகத்தான் இருப்போம். 2011-இல் நானும் போனேன். அப்போது குடும்பப் படிவத்தில் 29 கேள்விகள்.

யாரை எந்த ஊரில் எண்ணுவது என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. கிரேக்கத்தில் வெகுகாலம், கணக்கெடுப்பு நாளில் எங்கே இருக்கிறாரோ அங்கே எண்ணினார்கள். ஊருக்குக் கிடைக்கும் நிதி எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், ஏதென்சில் வாழ்பவர்கள் அன்றைக்குச் சொந்தக் கிராமத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வருவார்களாம். முதலில் சொன்ன மலைக்கிராமங்களின் பழைய எண்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைக்க வேண்டும். நம் முறையில் கணக்கெடுப்புக் காலம் ஒன்று இருக்கிறது. 2011-இல் அது பிப்ரவரி 9 முதல் 28 வரை. வழக்கமாக அந்த வீட்டில் வசிப்பவர், அந்தக் காலத்தில் ஒரு பகுதியாவது அங்கே இருந்தால் அங்கேயே எண்ணப்படுவார். காலம் முழுவதும் வெளியூரில் இருந்தால் இருக்கும் இடத்தில் எண்ணப்பட வேண்டும். வீடற்றவர்களைப் பிப்ரவரி 28 இரவில் எண்ணினோம். மார்ச் முதல் ஐந்து நாள் மறுசரிபார்ப்பு.

விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்தைப் பாருங்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு நாம் நகர்வோம். அவர்கள் இருக்கும் சூளையில் அந்தப் பகுதிக் கணக்கெடுப்பாளர் அவர்களை எண்ண வேண்டும். சூளை ஊருக்கு வெளியே, கொட்டகை வரிசையில், கதவெண் இல்லாமல் இருக்கும். உமணர் கூட்டத்தை எந்த ஊரில் எழுதுவது என்ற கேள்விதான் இது.

உப்பளத்தில் தலைகீழ். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். பொங்கலை ஒட்டித் தண்ணீரை வடித்து, வரப்புக் கட்டி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீர் பாய்ச்சுகிறார்கள். வெயில் ஏற ஏற உப்பு படிகிறது; வாருகிறார்கள், சுமக்கிறார்கள், குவிக்கிறார்கள். செப்டம்பர் வாக்கில் முடிகிறது. அதனால் பிப்ரவரியில் உப்பளக் குடும்பம் பெரும்பாலும் ஊரில்தான் இருக்கும். சிக்கல் வேறு இடத்தில்: என்ன வேலை என்று எழுதுவது?

2011 படிவத்தில் கடந்த ஓராண்டில் வேலை செய்தாரா என்பது கேள்வி. ஆறு மாதமும் அதற்கு மேலும் என்றால் முதன்மைத் தொழிலாளர். குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர். அதிலும் மூன்று மாதத்துக்கு மேல், மூன்று மாதத்துக்குக் கீழ் என்று இரண்டு பிரிவு. உப்பு வேலை நாட்காட்டியில் எட்டு ஒன்பது மாதம் போலத் தெரியும். ஆனால் சுமக்கக் கூப்பிடும் நாட்களை மட்டும் கூட்டினால் ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு மேல் வரலாம், இன்னொருவருக்குக் கீழே போகலாம். கோடு சரியாக அவர்கள் கழுத்தில் விழுகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கணவரிடம் “உங்க வீட்டம்மா என்ன வேலை?” என்று கேட்டால் “அது சும்மா வீட்லதான் இருக்கு” என்று பதில் வரும். விடியற்காலை நான்கு மணிக்குப் பாத்திக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் கூடை கூடையாய்ச் சுமந்துவிட்டுத் திரும்பி, இப்போது அடுப்படியில் நிற்கும் பெண் அவர். அந்தப் பதிலை அப்படியே எழுதினால் அவர் தொழில் செய்யாதவர். படிவத்தில் ஒரு பெண் குறைவது போலத்தான் தெரியும். ஊர்ப் பட்டியலில் வந்து சேரும்போது அது ‘பெண் தொழிலாளர் குறைந்த ஊர்’ என்ற செய்தியாகிவிடும். சாலை, கழிப்பறை, நிழற்கூரை, குழந்தைகள் மையம் என்று யாராவது திட்டம் போட உட்கார்ந்தால் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான்.

பயிற்சியில் இதைச் சொல்லியே தருகிறார்கள்: பெண்களின் வேலையைப் பற்றித் துருவிக் கேளுங்கள், முடிந்தால் அவர்களிடமே கேளுங்கள் என்று. நான் கண்ட நடைமுறை வழி ஒன்று. “வேலை செய்றீங்களா?” என்று கேட்காமல் “பொங்கல் கழிச்சு எந்த அளத்துக்குப் போனீங்க? சித்திரையில? ஆடியில? மழைக்கு அப்புறம் என்ன செஞ்சீங்க?” என்று தமிழ் மாதத்தைப் பிடித்துக் கேட்டால் நாட்கள் தாமாகவே வந்து விழும். மழைக்கால மூன்று மாதம் உப்பளத் தொழிலாளருக்கு வேலை இல்லை என்பதை அரசே ஏற்று 5,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்திருக்கிறது. எனவே அந்த மூன்று மாதம் தனி, மற்ற ஒன்பது மாதம் தனி என்று பிரித்துக் கேட்பதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

வயது தெரியாத முதியவரிடமும் இதே வழிதான். எங்கள் பகுதியில் பிடித்துக்கொள்ள நிகழ்ச்சிகள் நிறைய. பிரெஞ்சுக்காரன் போன வருசம் என்றால் 1954. ஆரோவில் தொடங்கியது 1968 பிப்ரவரி 28. சுனாமி 2004 டிசம்பர் 26. தானே புயல் 2011 டிசம்பர் 30. “பிரெஞ்சுக்காரன் போனப்ப நான் மாடு மேய்ச்சிக்கிட்டு இருந்தேன்” என்று ஒரு தாத்தா சொன்னால் கணக்கு எளிது. ஆரோவில் பக்கம் எண்ணப் போகிறவருக்கு இத்தாலியரோ பிரெஞ்சுக்காரரோ கதவைத் திறக்கலாம். தூதரக அதிகாரிகள் நீங்கலாக இங்கே வசிக்கும் வெளிநாட்டவரும் கணக்கில் உண்டு.

வகுப்பில் செய்தது

எட்டாம் வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் சமூக அறிவியல் பாடவேளையில் வாரம் ஒன்றை இதற்கு ஒதுக்கினேன். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு முதல் ஆவணம். தந்தையின் தொழில் என்ற பத்தியில் பக்கம் பக்கமாகக் ‘கூலி’. உப்பு, மீன், சவுக்கு, முந்திரி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்திருக்கின்றன. அடுத்து கிராம நிர்வாக அலுவலரிடம் அனுமதி பெற்று அ-பதிவேட்டைப் பார்த்தோம். நிலத்தின் பெயர்களில் அளம், ஓடை, திட்டு, மேடு என்று பழைய நில அமைப்பு உறங்கிக்கொண்டிருக்கிறது. பழைய வருவாய்த் தாள்களில் ஆண்டு பசலியில் இருக்கும். 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும், பசலி பிறப்பது ஜூலை 1. கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள்கூட இந்தக் கூட்டலைப் பிழையில்லாமல் செய்தார்கள்.

பிறகு பன்னிரண்டு கட்டம் போட்ட தாள். தை முதல் மார்கழி வரை, அவரவர் வீட்டில் எந்த மாதம் எத்தனை பேர் இருந்தார்கள், யார் எங்கே போயிருந்தார்கள் என்று நிரப்ப வேண்டும். சாதி, கடன், வருமானம் எதுவும் எழுதக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பெயருக்குப் பதில் அம்மா, மாமா, ஆயா என்ற உறவு போதும். கணக்கெடுப்புப் படிவத்தில் எழுதுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். வகுப்புத் தாள் வேறு, அந்தப் படிவம் வேறு. இரண்டையும் கலக்கவே கூடாது.

தாள்களைச் சுவரில் வரிசையாக ஒட்டியபோது பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். சூளைக்குப் போகும் வீடுகளில் மாசிக் கட்டத்தில் ஆயாவும் ஒரு பேரக்குழந்தையும் மட்டும். உப்பள வீடுகளில் மாசியில் எல்லாரும் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அப்பா சென்னையில் கட்டட வேலை. மீனவர் வீடுகளில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் வெளித் துறைமுகங்களுக்கு விசைப்படகில் போன அண்ணன்கள்கூட வீட்டில். ஒரே ஊரின் மக்கள் தொகை மாதத்துக்கு மாதம் வேறாக இருந்தது. பட்டியலில் பெயர் இல்லாத குப்பத்துப் பெண், தன் குப்பத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரின் தாள்களைத் தனியாகப் பிரித்து ஒட்டி, மேலே குப்பத்தின் பெயரைப் பெரிதாக எழுதினாள். வருவாய்க் கிராமத்தின் பெயரை அதற்குக் கீழே சின்னதாகப் போட்டாள்.

அந்தத் தாள்களில் மாசிக் கட்டத்தில் யார் யார் வீடு பூட்டியிருக்கும் என்பது தெரிகிறது. 2027 பிப்ரவரியில் எங்கள் பகுதிக்கு யார் போனாலும் அந்த வீடுகளுக்கு முதல் நாளும் கடைசி நாளும் என்று இரண்டு முறை போக வேண்டும், சூளை எந்த ஊரில் என்று பக்கத்து வீட்டு ஆயாவிடம் கேட்டு மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எங்கள் குறுவள மையக் கூட்டத்தில் பேசியிருக்கிறோம்.